முந்திரி ஓட்டிலிருந்து ஒரு ஹார்ட்னர்

அரால்டைட் வாங்கியவர்களுக்குத் தெரியும், பெட்டிக்குள் இரண்டு டியூப் இருக்கும்: ஒன்று ரெசின், இன்னொன்று ஹார்ட்னர். தனித்தனியே இருக்கும்வரை இரண்டும் கூழ்தான். கலந்துவிட்டால் இறுகி, பிறகு மீண்டும் கூழாகாது. இந்த எப்பாக்சி வகைப் பொருள்களுக்குப் பெரும்பாலும் பெட்ரோலியமே மூலம். ஆனால் ஒருவகை ஹார்ட்னருக்கு முந்திரி ஓடும் ஒரு மூலம். பண்ருட்டிப் பக்கம் மலைமலையாகக் குவிகிற அதே ஓடு.

ஓட்டைக் குறுக்கே வெட்டினால் இரண்டு தோல்களுக்கு நடுவே தேன்கூடு போலச் சின்னச் சின்ன அறைகள் தெரியும். அவற்றில் கருஞ்சிவப்பாக ஓர் எண்ணெய். ஓட்டின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு. பச்சைக் கொட்டையைக் கடித்த பிள்ளையின் உதடு வெந்துபோவதும், கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்கள் கறுத்துப் புண்ணாவதும் இதனால்தான். அதனால்தான் சாம்பலைத் தொட்டுக்கொண்டு உடைப்பார்கள்.

அந்த எண்ணெயில் மிகுதியாக இருப்பது அனகார்டிக் அமிலம். சூடேற்றினால் கார்பன் டை ஆக்சைடை விட்டுவிட்டுக் கார்டனால் ஆகிறது. கார்டனாலின் ஒரு பக்கம் ஃபீனால் வளையம், மறுபக்கம் 15 கார்பன் அணுக்கள் கொண்ட நீண்ட வால். ஆலையில் செலவழித்து ஒட்டவேண்டிய வாலை மரமே செய்து கொடுத்துவிடுகிறது. கார்டனாலோடு ஃபார்மால்டிஹைடும் ஓர் அமீனும் சேர்த்தால் ஃபீனால்கமைன் என்ற ஹார்ட்னர் கிடைக்கும்.

வளையம் ரெசினோடு சேரும் வேகத்தைக் கூட்டுகிறது. வால் தண்ணீரை அண்டவிடாது. அதனால் 5 டிகிரி செல்சியஸ் குளிரிலும், ஈரம் சரியாகக் காயாத இரும்பின் மேலும் இது இறுகும். சாதாரண அமீன் ஹார்ட்னர் இப்படிப்பட்ட ஈரக்காற்றில் பிசுபிசுத்து வெள்ளையாகப் பூத்துவிடும். கப்பல் பெயின்ட்காரர்கள் இதைத் தேடிப் போவது பசுமைப் பற்றினால் அல்ல, இந்தக் குணத்துக்காகத்தான்.

‘தாவரப் பசை’ என்ற விளம்பரத்தை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்துப் படியுங்கள். அமீனும் ஃபார்மால்டிஹைடும் இன்னும் பெரும்பாலும் புதைபடிவ மூலத்திலிருந்துதான் வருகின்றன. ரெசின் பக்கம், அதன் மூலப்பொருள்களில் ஒன்றான எப்பிகுளோரோஹைட்ரினைப் பயோடீசல் ஆலையில் மிஞ்சும் கிளிசரினிலிருந்து செய்கிறார்கள். தாய்லாந்தில் 2012 முதல் பெரிய ஆலையே ஓடுகிறது. ஆனால் எப்பிகுளோரோஹைட்ரினோடு சேரும் பிஸ்ஃபீனால் ஏ இன்னும் பெரும்பாலும் பழைய பெட்ரோலிய வழியில்தான் வருகிறது.

நிறமும் ஒரு தொல்லை. கார்டனால் ஹார்ட்னரின் செம்பழுப்பு எளிதில் போகாது. தெளிந்த ரெசினில் மேசைப் பலகை வார்ப்பவர்கள் இதைத் தொடமாட்டார்கள். கப்பலுக்கு அந்தக் கவலை இல்லை, அடிப்பூச்சின் மேல் எப்படியும் வேறு பெயின்ட் வந்துவிடும்.