ஹாகன்பெக் வாசலில் இரண்டு மனிதர்

ஹம்பேர்க்கிலும் சுற்றுவட்டாரத்திலும் வளரும் தமிழ்ப் பிள்ளைகளில் ஹாகன்பெக் பூங்காவுக்குப் போகாதவர்கள் குறைவு. பாடசாலையோடு ஒருமுறை, ஞாயிறு பாடசாலையோடு ஒருமுறை, ஊரிலிருந்து அப்பம்மா வந்தால் இன்னொருமுறை. யானைக்குக் கரட் கொடுப்போம், குளத்தடியில் நிற்கும் சீமெந்து டைனோசரோடு படம் எடுப்போம், சோற்றுப் பொதியை அவிழ்ப்போம். பழைய வாசலை மட்டும் யாரும் நின்று பார்ப்பதில்லை. இம்முறை நின்று பார்த்தோம். யானைத் தலைகள், சிங்கம், பனிக்கரடி. அவற்றோடு அமெரிக்கப் பூர்வகுடி ஒருவரும் ஆபிரிக்க வீரர் ஒருவரும். "மிருகங்களுக்கு நடுவில ஏன் ஆக்கள் நிக்கினம்?" என்று எங்களோடு வந்த சிறுமி கேட்டாள். அன்று எங்களிடம் பதில் இருக்கவில்லை. தேடிப் படித்த பின் இதை எழுதுகிறோம்.

ஹாகன்பெக் குடும்பத்தின் தொழில் மீன் வியாபாரம். 1848இல் மீனவர் வலையில் அகப்பட்ட ஆறு கடல்நாய்களைத் தகப்பன் சென்ட் பவுலியில் காசுக்குக் காட்டினார். மகன் கார்ல் அதைப் பெரும் மிருக வியாபாரமாக வளர்த்தார். 1907 மே 7இல் ஸ்டெல்லிங்கனில் புதிய பூங்காவைத் திறந்தார். ஸ்டெல்லிங்கன் அப்போது ஹம்பேர்க்கைச் சேர்ந்ததல்ல, புருசியாவின் ஓர் ஊர். 1937இல்தான் நகரோடு இணைந்தது.

அந்தப் பூங்காவின் புதுமை, கம்பிக்கூடு இல்லாமை. செயற்கைப் பாறைகள், நடுவில் அகழி, அப்பால் சிங்கம். பார்ப்பவருக்கு எந்தத் தடையும் தெரியாது. 1896இலேயே கார்ல் இதற்குக் காப்புரிமை எடுத்திருந்தார். இன்று உலகமெங்கும் மிருகக்காட்சிச்சாலைகள் இப்படித்தான் கட்டப்படுகின்றன. அந்தப் பெருமையை அவரிடமிருந்து எடுத்துவிட முடியாது.

ஆனால் மிருகங்களுக்குக் கம்பியை எடுத்த அதே மனிதர் மனிதருக்கு வேலி போட்டார். 1875இல் கலைமான்களைக் கொண்டுவந்தபோது, அவற்றை மேய்க்கும் ஸாமி மக்களையும் கூடவே அழைத்துக் காட்டினார். கூட்டம் குவிந்தது. அதன் பின் 'மக்கள் காட்சி' நிரந்தர வியாபாரமாயிற்று. ஸ்டெல்லிங்கனில் அதற்கென்றே இடம் இருந்தது: குடிசைகள், ஆட்டக்களம், சுற்றிலும் சனம். 1910இல் பைன் ரிட்ஜிலிருந்து வந்த ஒக்லாலா மக்கள் அங்கே ஆடினார்கள். 1931 வரை இது நடந்தது. வந்தவர்களில் பலர் ஒப்பந்தம் செய்து, சம்பளம் வாங்கி வந்தவர்கள். அடிமைகள் என்று எழுதினால் அது உண்மையாகாது. ஆனாலும் சமைப்பதும் பிள்ளைக்குப் பால் கொடுப்பதும் காட்சியாக இருந்தது.

எங்கள் பக்கத்து ஆட்களும் வந்தார்கள். 1884இல் ஹாகன்பெக் கொண்டுவந்த இலங்கைக் குழுவில் 67 பேர், 25 யானைகள். கார்லின் மாற்றாந்தாய் மகனான தம்பி ஜோன் கொழும்பிலேயே குடியிருந்து மிருகங்களையும் ஆட்களையும் அனுப்பினார். 1900ஐ ஒட்டி 'மலபாரிகள்' என்ற பெயரில் இன்னொரு குழு வந்தது. அந்தச் சொல் எங்கள் சபையாருக்குப் புதிதல்ல. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்க் தமிழரை எழுதியதும் 'மலபாரிகள்' என்றுதான். அவர் தமிழ்ப் பிள்ளைகளோடு மணலில் எழுத்துப் பழகினார். தமிழரிடம் கேள்வி எழுதி அனுப்பினார். அவர்கள் தந்த பதில்கள் ஜேர்மன் மொழியில் ஹாலேயில் அச்சாயின. இருநூறு வருடங்களுக்குப் பிறகு அதே சொல் காட்சி விளம்பரத்தில் நின்றது. இம்முறை யாரும் கேள்வி கேட்கவில்லை, நுழைவுச்சீட்டுத்தான் வாங்கினார்கள்.

காட்டப்பட்ட ஒருவர் தன் கையால் எழுதி வைத்திருக்கிறார். அவர் பெயர் ஆபிரகாம். கனடாவின் லாப்ரடோர் கரையில் ஹெப்ரோன் என்ற ஊரைச் சேர்ந்த இனுயிட், மொராவியன் சபை விசுவாசி, வயலின் வாசிப்பவர். சபைக் கடையில் கடன் இருந்தது. ஐரோப்பாவைப் பார்க்கும் ஆசையும் இருந்தது. மிஷனரிமார் போகவேண்டாம் என்று தடுத்தும் 1880இல் மனைவி உல்ரிக்கா, சின்ன மகள் சாரா, கைக்குழந்தை மரியா, வாலிபன் தொபியாஸ் ஆகியோரோடு கப்பலேறினார். கிறிஸ்தவரல்லாத இன்னொரு இனுயிட் குடும்பத்து மூவரும் வந்தார்கள். ஸ்டெல்லிங்கன் அப்போது இல்லை. ஹம்பேர்க்கில் ஹாகன்பெக்கின் பழைய இடத்திலும், பிறகு பேர்லினிலும் வேறு நகரங்களிலும் காட்டினார்கள்.

குறிப்பேட்டில் ஆபிரகாம் இரைச்சலைப் பற்றி எழுதுகிறார், ஓயாத கூட்டத்தைப் பற்றி எழுதுகிறார். கூட்டிவந்தவர் தொபியாஸைச் சாட்டையால் அடித்ததையும் மறைக்கவில்லை. பேர்லினில் சனம் குடிசைக்குள்ளேயே புகுந்தபோது, சாட்டையும் ஈட்டியும் எடுத்து அவர்களை வெளியே துரத்தியிருக்கிறார். அந்த இடத்தை வாசித்தபோது எங்களில் ஒருவர் கைதட்டினார். அதே பேர்லினில் மொராவியன் சகோதரரோடு கூடி ஜெபித்ததையும் எழுதுகிறார். அந்த மகிழ்ச்சி வரிகளில் தெரிகிறது.

வந்தவர்களுக்கு அம்மைப்பால் குத்தியிருக்கவில்லை. டிசம்பரில் டார்ம்ஸ்டாட்டில் முதல் மரணம். வருடத்தின் கடைசி நாளில் சிறுமி சாரா கிரேஃபெல்ட் ஆஸ்பத்திரியில் பெரியம்மையால் இறந்தாள். தாய் தகப்பனைக் காட்சி பாரிஸுக்குக் கொண்டுபோயிற்று. 1881 ஜனவரி நடுப்பகுதிக்குள் எட்டுப் பேரும் இறந்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் மக்கள் காட்சிகள் ஐம்பது வருடம் தொடர்ந்தன.

பூங்காவை 1943 ஜூலையில் குண்டுகள் அழித்தன, திரும்பக் கட்டினார்கள். பழைய வாசல் இன்னும் நிற்கிறது.

ஆபிரகாம் எழுதிய மூலப்பிரதி இல்லை. மிஷனரி ஒருவர் செய்த ஜேர்மன் மொழிபெயர்ப்பு மிஞ்சியது. 2005இல் கிரைஃப்ஸ்வால்ட் பல்கலைக்கழக மாணவர்கள் தங்கள் பேராசிரியரோடு சேர்ந்து அதை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார்கள். பாரிஸில் இறந்த ஐவரின் எலும்புகள் அங்குள்ள அருங்காட்சியகத்தில் புதைக்கப்படாமலே இருந்தது, நூற்று முப்பது வருடங்களுக்குப் பிறகுதான் தெரியவந்தது. அந்தச் சிறுமியிடம் இவ்வளவையும் சொன்னோம். சாராவுக்கு எத்தனை வயது என்று கேட்டாள். நாலு இருக்கும் என்றோம்.