வீட்டிலேயே பீர் தயாரிப்பது குற்றமா? பக்கெட் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். உங்களுக்குச் சொந்த ஊர் குத்தாலம். அருவி இருக்கும் தென்காசி குற்றாலம் இல்லை. கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவே காவிரிக்கரையில் இருக்கும் நம்ம குத்தாலம். வேலை பெங்களூருவில். அங்கே மைக்ரோ ப்ரூவரியில் கண்ணாடிக்குப் பின்னால் பளபளக்கும் ஸ்டீல் தொட்டிகளைப் பார்த்திருக்கிறீர்கள். யூடியூபில் ஒருவர் பிளாஸ்டிக் பக்கெட்டையும் ஐஸ் பெட்டியையும் வைத்து வீட்டிலேயே பீர் தயாரித்துக் காட்டுகிறார். 'அட, இவ்வளவுதானா!' என்று தோன்றுகிறது. பொங்கல் லீவில் ஊருக்குப் போகும்போது, அம்மா வீட்டுக் கொல்லைப்புற அறையில் முயன்று பார்த்தால் என்ன?

இந்த யோசனை நிறைய பேருக்கு வருகிறது. தேவையான பொருட்கள் ஆன்லைனிலும் கிடைக்கின்றன. ஆனால் தமிழ்நாட்டில் இந்தப் பொழுதுபோக்கு உங்களை போலீஸ் ஸ்டேஷன் வரை கொண்டுபோய் விடலாம். பீர் காய்ச்சிய பிறகுதான் என்றில்லை, அதற்கு முன்பே கூட.

முதலில், பீர் எப்படி உருவாகிறது?

பீரின் அடிப்படை மூன்று படிகள். தானியத்தை முளைக்க வைத்து உலர்த்த வேண்டும், அதுதான் மால்ட். பிறகு அதை வெந்நீரில் ஊறவைத்து, மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்ற வேண்டும். கடைசியாக, அந்த இனிப்பு நீரில் ஈஸ்ட்டைப் போட்டால், அது சர்க்கரையைச் சாப்பிட்டு ஆல்கஹாலையும் கார்பன் டை ஆக்சைடையும் வெளியே தள்ளும்.

முதல் படி டெல்டாவில் யாருக்கும் புதிதல்ல. நாற்றங்கால் விடும் முன் விதைநெல்லை ஒரு நாள் ஊறவைத்து, சாக்கில் கட்டி, மூட்டம் போட்டு முளைகட்ட வைப்பார்கள் இல்லையா? மால்ட் செய்வதும் கிட்டத்தட்ட அதேதான். முளைவிடும்போது தானியத்துக்குள் அமைலேஸ் என்ற நொதி உருவாகிறது. விவசாயி அந்த முளையை வயலுக்குக் கொண்டுபோவார். பீர் தயாரிப்பவர் அதை உலர்த்தி, சுமார் 65 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைப்பார். அந்தச் சூட்டில் அமைலேஸ் வேலை செய்து, மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும். வீட்டில் குழந்தைக்குக் கொடுக்கும் கேழ்வரகு மால்ட்டுக்குப் பின்னால் இருப்பதும் இதே முளைதான்.

வீட்டில் செய்பவர்கள் என்ன கருவிகளை உருவாக்குகிறார்கள்?

வெளிநாடுகளில் இது ஒரு பெரிய 'நீங்களே செய்யுங்கள்' உலகம். கல்யாண வீட்டில் பார்க்கும் ஐஸ் பெட்டி சூட்டை வெளியே விடாது. அதன் அடியில் ஸ்டீல் வலையும் குழாயும் பொருத்தினால், மால்ட் ஊறவைக்கும் பாத்திரம் தயார். வடிகட்டிய நீரை ஹாப்ஸ் பூவோடு சேர்த்து ஒரு மணி நேரம் கொதிக்க வைப்பார்கள். பீரின் கசப்பு அந்தப் பூவில் இருந்து வருகிறது. கொதித்ததைச் சட்டென்று ஆறவைக்க ஒரு செம்புக் குழாயைச் சுருளாக வளைத்து உள்ளே இறக்கி, அதன் வழியே தண்ணீர் ஓடவிடுவார்கள்.

அடுத்து, மூடி போட்ட பக்கெட்டில் ஈஸ்ட் சேர்த்து ஒன்றிரண்டு வாரம் விடுவார்கள். மூடியில் ஏர்லாக் என்ற சின்ன வளைகுழாய் இருக்கும். அதில் நிற்கும் தண்ணீர், உள்ளே உண்டாகும் வாயுவை வெளியே விடும், வெளிக்காற்றை உள்ளே விடாது.

சின்னதாகத் தெரிந்தாலும் சிக்கல்கள் உண்டு. ஏல் வகை ஈஸ்ட்டுக்கு 18 முதல் 22 டிகிரி வரை வேண்டும். நம்ம ஊர் மே மாத வெயிலில் தெர்மோஸ்டாட் வைத்த ஃப்ரிட்ஜ் இல்லாமல் அது நடக்காது. பாத்திரம் சுத்தமாக இல்லாவிட்டால் மொத்தமும் புளித்துக் கெட்டுவிடும். பாட்டிலில் அடைக்கும்போது சர்க்கரை கூடிப்போனால், உள்ளே வாயு அழுத்தம் ஏறி கண்ணாடி பாட்டில் வெடிக்கவும் செய்யும்.

இது வெளிநாட்டு வழக்கம் மட்டும்தானா?

இல்லை. சங்க இலக்கியத்திலேயே வீட்டு பீர் இருக்கிறது. பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை, வலைஞர் குடியிருப்பில் கள் செய்யும் முறையை ஒரு ரெசிப்பி போலவே விவரிக்கிறது. அரிசியைக் களியாகக் கிண்டி, அகன்ற தட்டில் ஆறவைத்து, முளையை இடித்துக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் விட்டு, சாடியில் முற்றவைத்து, விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். பழைய உரையாசிரியர் 'முளை' என்று பொருள் சொல்லும் அந்த ஒரு பொருளைக் கவனியுங்கள். இன்றைய மொழியில் அது மால்ட்! அதே நூலில் வீட்டில் சமைத்த 'தோப்பி' என்ற நெல் கள்ளும் வருகிறது.

அந்த நூலை எழுதிய கடியலூர் உருத்திரங்கண்ணனார்தான் பட்டினப்பாலையையும் எழுதியவர். பட்டினப்பாலை பேசும் காவிரிப்பூம்பட்டினம், குத்தாலத்தைத் தாண்டி ஓடும் காவிரி கடலில் கலக்கும் பூம்புகார். இன்று இரண்டு ஊர்களுமே மயிலாடுதுறை மாவட்டத்தில்தான் இருக்கின்றன.

இந்தியாவின் வேறு பகுதிகளில் இந்த மரபு இன்னும் உயிரோடு இருக்கிறது. அருணாசலப் பிரதேசத்தில் அபோங், ஜார்க்கண்டில் ஹண்டியா, அசாமில் திமாசா மக்களின் ஜூடிமா என எல்லாமே அரிசியில் செய்யும் வீட்டு மதுதான். ஜூடிமாவுக்கு 2021ல் புவிசார் குறியீடே கிடைத்தது.

அப்படியானால் தமிழ்நாட்டில் என்ன பிரச்சினை?

மது என்பது அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணைப்படி மாநிலங்களின் அதிகாரத்தில் வருகிறது. உற்பத்தி, வைத்திருத்தல், கொண்டுசெல்லுதல், விற்பனை எல்லாவற்றுக்கும் அந்தந்த மாநிலம்தான் விதி எழுதும். அதனால் பெங்களூருவில் பார்த்ததை வைத்து ஊரில் கணக்குப் போட முடியாது.

இங்கே நடைமுறையில் இருப்பது 1937ம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம். ராஜாஜி முதல்வராக இருந்தபோது சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்த அதே சட்டம். 1971ல் கருணாநிதி ஆட்சியில் மதுவிலக்கு தளர்ந்தது, 1974ல் திரும்ப வந்தது, 1981ல் எம்.ஜி.ஆர் ஆட்சியில் மறுபடி தளர்ந்தது. 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை. 2003 நவம்பரில் சில்லறை விற்பனை டாஸ்மாக் கைக்கு வந்தது.

இவ்வளவு மாற்றங்களுக்கு நடுவிலும் சட்டத்தின் பெயரும் எலும்புக்கூடும் அப்படியே இருக்கின்றன. பலர் கவனிக்காத விஷயம் இது: தமிழ்நாட்டுச் சட்டத்தின் தொடக்கப்புள்ளியே 'எல்லாம் தடை' என்பதுதான். டாஸ்மாக் கடை, மதுபான ஆலை, ஹோட்டல் பார் எல்லாம் உரிமம் அல்லது விலக்கு வாங்கிய விதிவிலக்குகள். 'வீட்டுக்குத்தான், விற்க மாட்டேன்' என்ற விதிவிலக்கு வீட்டு பீருக்கு இல்லை.

கருவி வைத்திருந்தாலே குற்றமா?

இந்தச் சட்டத்தின் 4ம் பிரிவை ஒருமுறை படித்துவிடுவது நல்லது. மது தயாரிப்பது, ப்ரூவரி அமைப்பது அல்லது நடத்துவது மட்டும் அதில் இல்லை. மது தயாரிப்பதற்கான பொருட்கள், பாத்திரங்கள், கருவிகளை வைத்திருப்பதும் குற்றம். தன் பொறுப்பில் இருக்கும் இடத்தில் இதையெல்லாம் நடக்க அனுமதிப்பதும் குற்றம். 'மது' என்பதற்கான விளக்கத்தில் பீரும் இருக்கிறது.

அதாவது, ஐஸ் பெட்டி குற்றமில்லை. பரோட்டா மாவுக்கோ பிரெட்டுக்கோ வாங்கிய ஈஸ்ட் பாக்கெட்டும் குற்றமில்லை. ஆனால் ஹாப்ஸ், மால்ட், ஏர்லாக், நுரை கட்டிய பக்கெட் எல்லாம் ஒரே அறையில் இருந்தால், 'இது எதற்கு?' என்ற கேள்விக்குப் பதில் சொல்வது கஷ்டம். வீடு அப்பா பெயரிலோ அம்மா பெயரிலோ இருந்தால், அந்தக் கேள்வி அவர்களிடமும் போகலாம். ஆன்லைனில் விற்கிறார்கள் என்பதாலேயே அது இங்கே சட்டப்படி சரி என்று ஆகிவிடாது.

வேலைக்குப் போகிற இளைஞர்களுக்கு இன்னொரு கோணமும் உண்டு. கிரிமினல் வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் கிடைப்பதில் சிக்கல் வரும். ஆன்சைட் கனவில் இருப்பவருக்கு இருபது லிட்டர் பீர் ரொம்ப விலை உயர்ந்த பொழுதுபோக்கு.

பெங்களூருவில் வாங்கியதையோ, பக்கத்தில் இருக்கும் காரைக்காலில் வாங்கியதையோ கார் டிக்கியில் வைத்து வருவதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மாநில எல்லை தாண்டி மது கொண்டுவருவது தனிக் குற்றம். மயிலாடுதுறை மாவட்டத்தில் காரைக்கால் மது பறிமுதல் செய்தி வராத மாதமே குறைவு.

வீட்டு பீரும் கள்ளச்சாராயமும் ஒன்றா?

அறிவியல்படி இல்லை. இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். தானியத்தைப் புளிக்க வைத்தால் கிடைப்பது எத்தனால். பீரில் பொதுவாக 4 முதல் 6 சதவீதம். உயிரைப் பறிக்கும் மெத்தனால் அதில் மிக மிகக் குறைவு. 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டு பகுதிகளிலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் நடந்த மரணங்களுக்குக் காரணம் தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான மெத்தனால். கள்ளக்குறிச்சியில் மட்டும் 60 பேருக்கும் மேல் உயிரிழந்தார்கள்.

மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறி, முதலில் பார்வை நரம்பைத் தாக்கும். எங்கே, எதைக் குடித்திருந்தாலும் சரி; பிறகு பார்வை மங்குவது, கடும் வயிற்றுவலி, வாந்தி இருந்தால் வழக்குக்குப் பயந்து வீட்டில் படுத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தாமதம்தான் கண்ணையும் உயிரையும் பறிக்கிறது.

கள்ளக்குறிச்சிக்குப் பிறகு, 2024 ஜூன் கடைசியில் சட்டப்பேரவை மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தித் தண்டனைகளைக் கடுமையாக்கியது. உயிரிழப்புக்குக் காரணமான கள்ளச்சாராய வழக்குகளில் ஆயுள் தண்டனையும் 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்க முடியும். வீட்டில் பீர் செய்பவரும் சாராய வியாபாரியும் ஒரே தண்டனையைப் பெறுவார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் இருவரையும் பார்ப்பது ஒரே சட்டம்.

மற்ற நாடுகள் எப்படிச் சமாளித்தன?

பிரிட்டனில் 1963 வரை வீட்டில் பீர் செய்ய உரிமம் வேண்டும். அந்த ஆண்டு பட்ஜெட்டில் அதை நீக்கினார்கள். அமெரிக்காவில் 1978 அக்டோபரில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம், சொந்த உபயோகத்துக்கான பீருக்கு வரிவிலக்கு கொடுத்தது. அளவும் உண்டு: ஒரு பெரியவர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு ஆண்டுக்கு 100 கேலன், அதாவது சுமார் 378 லிட்டர், இருவர் அல்லது அதற்கு மேல் இருந்தால் 200 கேலன். விற்கக் கூடாது. அப்படியும் மிசிசிப்பி, அலபாமா மாநிலங்கள் 2013ல்தான் அனுமதித்தன. இன்றைய கிராஃப்ட் பீர் கம்பெனிகள் பலவற்றின் கதை அந்த வீட்டு பக்கெட்டில்தான் தொடங்குகிறது.

இங்கே அப்படி ஒரு விலக்கு வருமா? வீட்டு பீருக்காக இங்கே பெரிய குரல் எதுவும் எழவில்லை. விவாதம் நடப்பது கள்ளைச் சுற்றித்தான். கள்ளை உணவு என்று சொல்லி, தடையை நீக்கக் கோரி செ.நல்லசாமி தலைமையிலான கள் இயக்கம் பல ஆண்டுகளாகப் போராடி வருகிறது. கள்ளைத் திறந்துவிட்டால் கலப்படத்தைக் கண்காணிக்க முடியாது, குடிப்பழக்கத்தால் ஏற்கெனவே நொந்த குடும்பங்கள் இன்னும் பாதிக்கப்படும் என்பது எதிர்த்தரப்பு வாதம். 2023-24ல் டாஸ்மாக் மூலம் அரசுக்குக் கிடைத்த வருவாய் 45,855 கோடி ரூபாய். இந்த எண்ணை ஒதுக்கி வைத்துவிட்டு யாரும் இதைப் பேச முடியாது.

ஆர்வம் இருக்கிறது, என்ன செய்யலாம்?

நொதித்தலில் ஆர்வம் என்றால் அதற்குச் சட்டபூர்வமான வழிகள் உண்டு. பனையிலிருந்து இறங்கும் அதே சாறு, கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். சுண்ணாம்பு ஈஸ்ட்டை வளரவிடாது, அவ்வளவுதான் வித்தியாசம். ஒன்று தெருவில் விற்கிறது, இன்னொன்றுக்குத் தடை.

இட்லி மாவு, பழைய சோறு, கேழ்வரகு மால்ட் எல்லாமே வீட்டு ஆய்வகத்துக்கு ஏற்றவை. தொழிலாகவே படிக்க நினைத்தால், தஞ்சாவூரில் நிஃப்டெம் இருக்கிறது. நெல் பதப்படுத்தும் ஆய்வு மையமாகத் தொடங்கி, இன்று உணவுத் தொழில்நுட்பப் பட்டம் கொடுக்கும் மத்திய நிறுவனம். பீர், ஒயின் தொழில்நுட்பத்தையே பாடமாகப் படிக்க புணேயில் உள்ள வசந்த்தாதா சர்க்கரை ஆய்வு நிறுவனத்தில் முதுநிலைப் படிப்பு உண்டு.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது அந்த பக்கெட்டையும் ஏர்லாக்கையும் மட்டும் எடுத்துப் போகாதீர்கள். வீட்டு வாசலில் போலீஸ் வந்து நின்றால், பதில் சொல்லப் போவது நீங்கள் மட்டும் இல்லை, அம்மா அப்பாவும்தான்.