பத்து மெகாவாட் பேட்டரி என்றால் பாதிச் செய்திதான்

ஆடி மாதத்தில் ஒருநாள் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: "சார், காத்து இந்த அடி அடிக்குது. ஆண்டிபட்டிப் பக்கம் சில காத்தாடி மட்டும் ஏன் சார் சுத்தாம நிக்குது?"

பழுது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் வேறொரு காரணமும் உண்டு. மின்கட்டமைப்பில் ஒவ்வொரு நொடியும் எவ்வளவு மின்சாரம் செலவாகிறதோ அவ்வளவே உற்பத்தியாக வேண்டும். மே முதல் செப்டம்பர் வரை மலைக் கணவாய்கள் வழியே நுழையும் காற்று நள்ளிரவிலும் வீசும். அப்போது தேவை குறைவு. நண்பகலில் சூரிய மின்சாரமும் வந்து சேரும். எடுத்துக்கொள்ள இடமில்லாதபோது சில காற்றாலைகளை நிறுத்தச் சொல்வார்கள். மாலையில் எல்லா வீட்டிலும் விளக்கு எரியும் நேரத்தில் சூரியன் இருக்காது.

வீரபாண்டி வழியே ஓடும் முல்லையாற்று நீர் வைகை அணையில் தேங்கி, வேண்டிய நாளில் மதுரைப் பக்கம் போகிறது. மின்சாரத்துக்கும் அப்படி ஓர் அணை வேண்டும். கோவை மாவட்டம் காடம்பாறையில் 1987 முதல் ஒன்று இருக்கிறது. மின்சாரம் மிஞ்சும்போது மேல் ஆழியாறு நீரை மலைமேல் ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி 400 மெகாவாட் வரை எடுக்கிறார்கள். எல்லா ஊரிலும் அதற்கேற்ற மலையும் இரண்டு அணைகளும் கிடைக்குமா? பேட்டரி என்றால் சமதரையிலும் வைக்கலாம். காற்றாலைப் பண்ணைக்குள்ளும் வைக்கலாம், நூற்பாலை வளாகத்திலும் வைக்கலாம். உச்ச நேர மின்சாரத்துக்குக் கூடுதல் கட்டணம் செலுத்தும் ஆலைகளுக்கு இதில் நேரடி லாபமும் உண்டு.

இங்கேதான் நம் பாடம் வருகிறது. டெல்லி ரோகிணியில் 2019இல் தொடங்கப்பட்ட பேட்டரி நிலையம் 10 மெகாவாட், 10 மெகாவாட்-மணி. சத்தீஸ்கர் ராஜ்நந்த்காவில் சூரிய மின்நிலையத்தோடு 2024இல் வந்தது 40 மெகாவாட், 120 மெகாவாட்-மணி. முதல் எண் திறன். ஒரே நேரத்தில் எவ்வளவு தர முடியும் என்பது. இரண்டாவது ஆற்றல், மொத்தம் எவ்வளவு இருப்பு என்பது. மேல்நிலைத் தொட்டியின் குழாய் எவ்வளவு அகலம், தொட்டி எவ்வளவு பெரிது என்பதுபோல. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் நேரம் வந்துவிடும். ரோகிணி முழுத்திறனில் ஒரு மணி நேரம் தாங்கும். ராஜ்நந்த்காவ் மூன்று மணி நேரம். அதையே 20 மெகாவாட் வீதம் எடுத்தால் ஆறு மணி நேரம். செய்தித்தாள்களில் பெரும்பாலும் முதல் எண்ணை மட்டும் போட்டுவிடுகிறார்கள்.

வகுப்பில் செய்து பார்க்க வீட்டு இன்வெர்ட்டர் போதும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி: பெருக்கினால் 1800 வாட்-மணி, அதாவது 1.8 யூனிட். இரண்டு மின்விசிறி, சில விளக்கு சேர்த்து 200 வாட் என்றால் கணக்குப்படி ஒன்பது மணி நேரம். வீட்டில் கடிகாரம் பார்த்து வரச் சொன்னேன். யாருக்கும் ஒன்பது வரவில்லை. இன்வெர்ட்டரில் கொஞ்சம் வெப்பமாக வீணாகிறது. ஈய-அமில பேட்டரியை முழுக்க வடிய விடவும் கூடாது, பழசானால் கொள்ளளவும் குறையும். பெரிய நிலையங்களில் உள்ள லித்தியம் பேட்டரியிலும் நூறு யூனிட் ஏற்றினால் ஏறத்தாழ 85தான் திரும்பும்.

"அப்ப 15 யூனிட் நட்டம்தானே சார்?" என்றாள் அதே மாணவி. காற்றாடி நின்றிருந்தால் எத்தனை கிடைத்திருக்கும் என்று கணக்குப் போடச் சொன்னேன்.