மூச்சு வாங்கும், ஆனால் ‘லேசான நோய்தான்’!

சிஓபிடி எனும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகளிடம் 8 நாடுகளில் நடந்த ஓர் ஆய்வு 2002-இல் வெளியானது. வீட்டை விட்டு வெளியே போக முடியாத அளவு மூச்சு வாங்குகிறவர்களிலேயே சுமார் 36 சதவீதம் பேர், தங்கள் நோய் ‘லேசானது’ அல்லது ‘நடுத்தரமானது’ என்றார்கள்.

ஏன்?

நோய் ஆண்டுக்கணக்கில் ஊர்ந்து வருகிறது. மாடி ஏறினால் இரைக்கிறதா, நோயாளி மாடிக்குப் போவதையே நிறுத்திவிடுவார். கடைக்கு மகன் போவான். உடம்பை வருத்தாதவருக்கு மூச்சும் அவ்வளவாக வாங்காது. ‘நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்று தோன்றும். மிச்சப் பழியை வயதும் சிகரெட் இருமலும் பங்குபோட்டுக்கொள்ளும்.

கருவியும் முழுக் கதையைச் சொல்வதில்லை. ஸ்பைரோமீட்டரில் ஊதினால், முதல் நொடியில் வெளியேறும் காற்றின் அளவு தெரியும். ஒரே அளவு காட்டும் இருவரில் ஒருவர் சந்தைக்கு நடப்பார். மற்றவர் சட்டை மாட்டவே திணறுவார். நடக்கும்போது, உள்ளிருக்கும் காற்று வெளியேறி முடிவதற்குள் அடுத்த மூச்சு வந்துவிட, நெஞ்சு உப்பிக்கொள்கிறது. உட்கார்ந்து ஊதும் சோதனையில் இது சரியாகப் பிடிபடாது.

கருவி சொல்லாததை நோயாளியிடமே கேட்கலாம். சிஓபிடிக்கென 2009-இல் வந்த ‘கேட்’ (CAT) வினாத்தாளில் 8 கேள்விகள். மொத்தம் 40 மதிப்பெண். சளி, தூக்கம் முதல் வீட்டைவிட்டுக் கிளம்பும் தைரியம்வரை விசாரிக்கும். கூடவே மருத்துவர் ஒன்றைக் கேட்கலாம்: “போன வருஷம் செய்த எந்த வேலையை இப்போது விட்டுவிட்டீர்கள்?”