சுவருக்கு அப்பால்

விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளம் நிலத்திலுள்ள ஓடுபாதையைப் போல நீண்டதன்று. அலையோடு ஏறி இறங்குவதும்கூட. அதில் வந்திறங்கும் விமானம், தன் வாற்பகுதிக் கொக்கியால் தளத்தின் குறுக்கே கட்டிய எஃகு வடங்களுள் ஒன்றைப் பற்றியே நிற்க வேண்டும். சக்கரம் தளத்தைத் தொட்டதும் விமானி இயந்திர விசையைக் குறைப்பதில்லை, முழுமையாகக் கூட்டுகிறார். கொக்கி வடத்தைத் தவறவிட்டால் மறுகணமே வானில் எழ வேண்டுமல்லவா? அமெரிக்கக் கடற்படை விமானி ஜேம்ஸ் ஸ்டாக்டேல் இக்கலையில் தேர்ந்தவர்.

1923 இல் இல்லினாய்ஸ் மாநிலத்தில் பிறந்த அவர், 1947 இல் சிபில் என்னும் மங்கையை மணந்தார். அவர்களுக்கு நான்கு ஆண்மக்கள். இடையில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பயின்றபோது, அடிமையாய் வாழ்ந்து மெய்யியலாளராய் உயர்ந்த எபிக்டெட்டசின் சிறுநூல் ஒன்றைப் பேராசிரியர் ஒருவர் அவருக்கு அளித்தார். போர் விமானிக்கு அந்நூல் எதற்கு என்பது அன்று அவருக்கே விளங்கவில்லை.

1965 செப்டம்பர் 9 அன்று வட வியட்நாமின் வான்பரப்பில் அவருடைய விமானம் சுடப்பட்டது. வான்குடையின் துணையால் குதித்தவர் சிறைப்பட்டார், கால் முறிந்தது. அப்போது கடைசி மகனுக்கு மூன்று வயது.

ஹனோய் நகரின் ஹோவா லோ சிறையில் கைதிகள் ஒருவரோடொருவர் பேசத் தடை இருந்தது. ஆகவே அவர்கள் சுவரைப் பேசவைத்தனர். ஆங்கில எழுத்துகளுள் ‘கே’ நீங்கலான இருபத்தைந்தையும் ஐந்து வரிசை, ஐந்து நிரல் கொண்ட கட்டத்தில் அமைத்துக்கொண்டனர். முதல் தட்டல்கள் வரிசையையும் அடுத்த தட்டல்கள் நிரலையும் காட்டும். இருமுறை தட்டி, சற்று நிறுத்தி, மும்முறை தட்டினால் அது ‘எச்’ என்னும் எழுத்து. பெயர்கள், கட்டளைகள், ஆறுதல் மொழிகள் அனைத்தும் இவ்வாறே சுவர் கடந்தன. நான்கு ஆண்டுகளுக்கு மேல் தனிமைச் சிறையில் கிடந்த ஸ்டாக்டேலுக்கு இத்தட்டலே மனித உறவு.

அவருக்கு மற்றொரு சுமையும் இருந்தது. 1964 ஆகஸ்ட் 4 இரவு டோங்கின் வளைகுடாவில் எதிரிப் படகுகள் தாக்கியதாகக் கூறியே அமெரிக்கா போரை விரிவாக்கியது. அன்று அக்கடலின் மேல் பறந்த ஸ்டாக்டேல் ஒரு படகையும் காணவில்லை. இவ்வுண்மையைத் தம்மிடமிருந்து பகைவர் கறந்துவிடுவரோ என அவர் அஞ்சினார். 1969 இல், தம்மைப் பரப்புரைப் படத்திற்குப் பயன்படுத்தப் போகின்றனர் என அறிந்ததும், தம் முகத்தைத் தாமே சிதைத்துக்கொண்டார். எபிக்டெட்டஸ் எதற்கு என்பது அங்கே விளங்கியது.

இல்லத்திலும் ஒரு சுவர் இருந்தது. கைதிகளின் மனைவியர் வாய்திறத்தல் ஆகாது என்பதே அரசின் அறிவுரை. சிபில் முதலில் அதற்கு இணங்கினார். கணவரின் மடல்களிலிருந்த பொருந்தாச் சொற்களை உற்றுநோக்கி, அவற்றுள் மறைபொருள் இருப்பதை உணர்ந்தார். கடற்படை உளவுத்துறையின் துணையோடு அவர் அனுப்பிய ஒரு நிழற்படத்தை ஈரத்தில் ஊறவைத்தபோது உள்ளிருந்த செய்தி வெளிப்பட்டது. அதன்பின் கண்ணுக்குப் புலப்படாத எழுத்தில் சிறைத்தோழர் பெயர்களையும் சித்திரவதைகளையும் ஸ்டாக்டேல் எழுதியனுப்பினார். வெளிப்பட்டிருந்தால் உயிருக்கே இறுதியாகியிருக்கும். இதனை அறிந்தே சிபில் இசைந்தார். அம்முடிவின் கனத்தை அளவிட எந்தப் பதக்கமும் போதாது.

1968 இல் அவர் மௌனத்தைக் கலைத்தார். பிற மனைவியரைத் திரட்டி அமைப்பு கண்டார். மறு ஆண்டு பாரிஸ் சென்று வட வியட்நாம் பேராளர்களை நேரிற்கண்டு வினவினார். தந்தையில்லா வீட்டில் நால்வரை வளர்க்கும் பணியும் உடன் நடந்தது.

1973 பிப்ரவரியில் ஸ்டாக்டேல் விடுதலையானார். 1976 இல் நாட்டின் உயரிய போர்ப்பதக்கத்தைப் பெற்றார். பின்னர் கணவனும் மனைவியும் மாறிமாறி எழுதிய தன்வரலாறு 1984 இல் ஒரே நூலாக வெளிவந்தது. அதில் சிறைக்குள் நிகழ்ந்தவற்றை அவரும், அதே நாள்களில் வீட்டில் நிகழ்ந்தவற்றைச் சிபிலும் கூறுகின்றனர்.