பூஜ்யத்தில் தொடங்கினார், பத்தாயிரம் டாலர் சேர்த்தார்!

இலவசச் சீட்டுப் பந்தயத்தில் இறங்கிய பணக்காரரின் கதை

அவர் பெரிய சீட்டாட்ட வீரர். உலகப் பட்டம் வென்றவர். ஒரே பந்தயத்தில் 15 லட்சம் டாலர் பரிசு வாங்கியவர்.

அப்படிப்பட்டவர் 2006-ம் ஆண்டில் ஒரு விசித்திரமான காரியம் செய்தார்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். தம் ஆட்டக் கணக்கில் ஒரு காசுகூடப் போடவில்லை. நுழைவுக் கட்டணம் இல்லாத இலவசப் பந்தயங்களில் மட்டுமே ஆடத் தொடங்கினார். ஒரு டாலர், இரண்டு டாலர் பரிசுக்காக, முகம் தெரியாத ஆயிரக்கணக்கான பேருடன் மணிக்கணக்கில் மல்லுக்கட்டினார்!

பூஜ்யத்தில் தொடங்கிப் பத்தாயிரம் டாலர் சேர்க்க வேண்டும். இதுதான் அவர் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட சவால்.

லட்சாதிபதிக்கு இந்த வேலை எதற்கு? அவர் ஜெயித்தாரா? ஜெயித்த பிறகு நடந்தது என்ன?

அதுதான் இந்தக் கதை.

பேராசிரியர் மகன்

அவர் பெயர் கிரிஸ் பெர்கூசன். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைச் சேர்ந்தவர்.

அவருடைய தந்தை பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர். மகனும் அதே பல்கலைக்கழகத்தில் படித்தார். கம்ப்யூட்டர் விஞ்ஞானத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார்.

ஆனால் ஆளைப் பார்த்தால் டாக்டர் பட்டம் வாங்கியவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தோளில் புரளும் தலைமுடி. தாடி. தலையில் அகலமான தொப்பி. ஏசுநாதரைப் போலத் தோற்றம் இருக்கிறது என்று, சீட்டாட்டக்காரர்கள் அந்தப் பெயரையே அவருக்குப் பட்டப்பெயராக வைத்துவிட்டார்கள்.

சீட்டை வேகமாக விட்டெறிந்து வாழைப்பழத்தை இரண்டாக நறுக்கும் வித்தையும் அவருக்குத் தெரியும்!

2000-ம் ஆண்டில் லாஸ் வேகாஸ் நகரில் நடந்த உலகப் போக்கர் பந்தயத்தில் அவர் முதல் பரிசு வாங்கினார். கடைசி ஆட்டத்தில் எதிராளியின் கையில் ஆசும் ராணியும். பெர்கூசன் கையில் ஆசும் ஒன்பதும். எதிராளியின் கைதான் பெரிது. ஆனால் மேஜையில் விழுந்த கடைசிச் சீட்டு ஒன்பது! பட்டம் பெர்கூசனுக்குப் போயிற்று.

அதிர்ஷ்டம் எவ்வளவு பெரியது என்பது அவருக்குத் தெரியும். அதிர்ஷ்டத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதும் தெரியும்.

போக்கர் என்றால் என்ன?

நம் ஊரில் ரம்மி ஆடுகிறார்கள் அல்லவா? அதே 52 சீட்டுதான். ஆனால் ஆட்டம் வேறு.

ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு. அதை மற்றவர்கள் பார்க்க முடியாது. பிறகு மேஜை நடுவில் ஐந்து சீட்டு விரிக்கப்படும். முதலில் மூன்று, அப்புறம் ஒன்று, கடைசியாக ஒன்று. அவை எல்லோருக்கும் பொது. கையில் உள்ள இரண்டையும் மேஜையில் உள்ள ஐந்தையும் வைத்து, சிறந்த ஐந்து சீட்டு யாரிடம் சேருகிறதோ அவருக்கு வெற்றி.

ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம். பிடிக்காவிட்டால் சீட்டைப் போட்டுவிட்டு ஒதுங்கலாம். கையில் ஒன்றும் இல்லாமலே பெரிய பந்தயம் கட்டி எதிராளியைப் பயமுறுத்தவும் செய்யலாம்!

பந்தயப் போட்டியில் எல்லோருக்கும் ஒரே அளவு வில்லைகள் கொடுப்பார்கள். வில்லை தீர்ந்தவர் வெளியே போக வேண்டியதுதான். நேரம் ஆக ஆக, கட்டாயமாகக் கட்ட வேண்டிய தொகை ஏறிக்கொண்டே போகும். அதனால் யாரும் சும்மா உட்கார்ந்து காலம் தள்ள முடியாது. கடைசி வரை இருப்பவருக்கு முதல் பரிசு.

கட்டணம் இல்லை, பரிசு உண்டு!

சாதாரணமாக, இந்தப் போட்டியில் சேர ஒவ்வொருவரும் பணம் கட்ட வேண்டும். அந்தப் பணமே பரிசாகத் திரும்பும்.

இலவசப் பந்தயத்தில் யாரும் பணம் கட்ட வேண்டாம். பரிசைக் கம்பெனியே கொடுக்கிறது.

கம்பெனிக்கு என்ன லாபம்?

மளிகைக் கடையில் ஒரு துண்டு வெல்லத்தைக் கையில் வைத்து, "வாயில் போட்டுப் பாருங்கள்" என்கிறார்களே, அதுதான். இன்று இலவசமாக ஆடுகிறவர் நாளை காசு போட்டு ஆடுவார். காசு ஆட்டத்தில் ஒவ்வொரு பந்தயத்திலிருந்தும் கம்பெனி ஒரு சிறு பங்கை எடுத்துக்கொள்ளும். கொடுத்த வெல்லத்துக்கு விலை அங்கே வந்துவிடும்.

இலவசம் என்றால் கூட்டத்துக்குக் கேட்க வேண்டுமா?

2,000 பேர் சேருகிறார்கள், மொத்தப் பரிசு 100 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்குச் சமமாகப் பிரித்தால் எவ்வளவு? ஐந்தே சென்ட்! அந்தப் பரிசும் முன்னால் வரும் சிலருக்குத்தான். முதல் இடத்துக்கு வர வேண்டுமானால் பல மணி நேரம் கண் இமைக்காமல் ஆட வேண்டும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. சொந்தக் காசு போகாத இடத்தில் யாருக்கும் பயம் கிடையாது. ஆட்டம் தொடங்கிய உடனே பலர் தங்கள் வில்லைகள் அத்தனையையும் நடுவில் தள்ளிவிடுவார்கள். வந்தால் மலை, போனால் மயிர் என்ற கணக்கு! இருவரில் ஒருவர் ஜெயிக்கும் அப்படிப்பட்ட ஆட்டத்தை ஒருவர் தொடர்ந்து ஐந்து தடவை ஆடினால், 32 பேரில் ஒருவர்தான் மிஞ்சுவார். மிஞ்சியவர் கெட்டிக்காரர் என்று சொல்ல முடியாது.

இந்தச் சந்தைக் கூட்டத்தில்தான் பெர்கூசன் போய் உட்கார்ந்தார்.

7 மாதத்துக்கு ஆறரை டாலர்!

அவர் ஆடிய இடம் புல் டில்ட் போக்கர் என்ற கம்பெனியின் இன்டர்நெட் மேஜை. 2004-ல் தொடங்கிய அந்தக் கம்பெனியை ஆரம்பித்தவர்களில் அவரும் ஒருவர். ஆகவே அவருடைய சவால் கம்பெனிக்கு நல்ல விளம்பரமாகவும் அமைந்தது.

விளம்பரமானாலும் வேலை கடினம்தான்.

ஒரு நாள் ஒரு டாலர் கிடைக்கும். அதை வைத்து ஆடினால் போய்விடும். மறுபடியும் பூஜ்யம். மறுபடியும் இலவசப் பந்தயம். இப்படியே ஏழு மாதம் ஓடியது.

ஏழு மாத முடிவில் அவர் கணக்கில் இருந்த தொகை எவ்வளவு தெரியுமா?

ஆறரை டாலர்!

உலகப் பட்டம் வென்றவர், டாக்டர் பட்டம் வாங்கியவர், ஏழு மாதம் ஆடிச் சம்பாதித்தது அவ்வளவுதான். ஓட்டலில் பாத்திரம் கழுவியிருந்தால் ஒரே நாளில் அதற்குமேல் கிடைத்திருக்கும்.

வேறு யாராக இருந்தாலும் எழுந்து போயிருப்பார்கள். பெர்கூசன் எழுந்திருக்கவில்லை.

மெதுவாக வண்டி நகர்ந்தது. ஒரு டாலர் கட்டணப் பந்தயம் ஒன்றில் 683 பேர் கலந்துகொண்டார்கள். அதில் அவர் இரண்டாவதாக வந்து 104 டாலர் வாங்கினார். அதிலிருந்து ஏற்றந்தான். 2007-ல் அவருடைய கணக்கு பத்தாயிரம் டாலரைத் தாண்டியது.

சவாலில் ஜெயித்துவிட்டார்!

மூன்று கட்டுப்பாடு

இது எப்படி முடிந்தது? சீட்டு ஞானம் மட்டுமா?

அவர் தமக்கு மூன்று கட்டுப்பாடுகளை வைத்துக்கொண்டிருந்தார்.

முதலாவது: கையிருப்பில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் எந்த மேஜைக்கும் கொண்டுபோகக் கூடாது. 100 டாலர் இருந்தால் ஐந்து டாலர்தான்.

இரண்டாவது: பல மேஜைகளில் நடக்கும் பெரிய பந்தயத்துக்கு நூற்றுக்கு இரண்டு பங்குதான் கட்டணம் கட்டலாம்.

மூன்றாவது: ஜெயித்து ஜெயித்து, மேஜையில் உள்ள பணம் மொத்தக் கையிருப்பில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டிவிட்டால், எழுந்துவிட வேண்டும்!

இரண்டரை டாலருக்கு உட்பட்ட மிகச் சிறிய ஆட்டங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. இல்லாவிட்டால் ஆறரை டாலர்காரர் எங்கும் உட்காரவே முடியாது.

கையிருப்பு குறைந்தால் கீழ் மேஜைக்கு இறங்க வேண்டும். பத்து டாலர் மேஜையில் ஆடியவர் ஒரு டாலர் மேஜைக்கு இறங்குவது லேசா? மானம் தடுக்கும். விட்டதை ஒரே ஆட்டத்தில் பிடிக்கத் தோன்றும். சீட்டாட்டத்தில் குடி கெடுபவர்கள் எல்லாரும் கெடுவது இந்த இடத்தில்தான். பெர்கூசன் தடவைக்குத் தடவை கூசாமல் இறங்கினார்.

மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் எந்தத் தாய்க்கும் இந்தக் கட்டுப்பாடு புதிதல்ல. வரவுக்குள் செலவு. அதைச் சீட்டு மேஜையிலும் கடைப்பிடித்தார் என்பதுதான் அதிசயம்.

நார்வே நாட்டுச் சிறுமி

இலவச ஆட்டத்தில் தொடங்கிப் பேர் வாங்கிய இன்னொருவரும் உண்டு. நார்வே நாட்டைச் சேர்ந்த ஆனெட் ஓப்ரெஸ்டாட் என்ற பெண்.

அவர் 15 வயதில் இலவசப் பந்தயங்களில் ஆட ஆரம்பித்தார். சொந்தக் காசு போடாமலே பெரிய தொகை சேர்த்தார். 2007 செப்டம்பரில் லண்டனில் நடந்த ஐரோப்பியப் போக்கர் பந்தயத்தில் 362 பேர் கலந்துகொண்டார்கள். அதில் ஆனெட் முதலாவதாக வந்து பத்து லட்சம் பவுன் பரிசு வாங்கினார்! மறுநாள்தான் அவருக்கு 19 வயது பூர்த்தி.

கேட்கும்போது நாக்கில் நீர் ஊறும். ஆனால் 15 வயதுப் பெண் ஆடியதே ஆட்ட விதிக்கு விரோதம். பிற்காலத்தில் அவர் சீட்டைவிட்டு விலகி, முக ஒப்பனை பற்றிய படங்கள் எடுத்து வெளியிடத் தொடங்கினார்.

இலவசப் பந்தயத்தில் ஆடியவர்கள் எண்ணில் அடங்கார். உலகம் சொல்லும் பெயர்கள் இரண்டொன்றுதான். மற்றவர்களுக்கு மிஞ்சியது கண் எரிச்சல்.

கணக்கில் இருந்தது கையில் இல்லை!

கதை இத்துடன் முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். முடியவில்லை.

2011 ஏப்ரல் 15-ந் தேதி, ஒரு வெள்ளிக்கிழமை. அமெரிக்க அரசாங்கம் மூன்று பெரிய போக்கர் கம்பெனிகளின் மேல் நடவடிக்கை எடுத்தது. அவற்றின் இன்டர்நெட் பெயர்களைப் பறிமுதல் செய்தது. மூன்றில் ஒன்று, புல் டில்ட்!

ஆட்டக்காரர்கள் தங்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். போக்கர் ஸ்டார்ஸ் என்ற கம்பெனி அமெரிக்க ஆட்டக்காரர்களுக்குச் சீக்கிரமே கொடுத்துவிட்டது. புல் டில்ட் கொடுக்கவில்லை.

கொடுக்கப் பணம் இல்லை!

அந்தக் கம்பெனி ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டியது சுமார் 39 கோடி டாலர். பாங்கியில் இருந்ததோ சுமார் 6 கோடி டாலர்தான் என்று அரசாங்க வக்கீல்கள் கோர்ட்டில் சொன்னார்கள். ஆட்டக்காரர்களின் பணத்தைக் கம்பெனி தனியே காப்பாற்றி வைக்கவில்லை. சொந்தக்காரர்களுக்குப் பெரும் தொகை போயிற்று என்றும் குற்றம் சாட்டினார்கள்.

அந்தச் சிவில் வழக்கில் சேர்க்கப்பட்ட டைரக்டர்களில் ஒருவர் கிரிஸ் பெர்கூசன்!

குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே 2013-ல் அவர் சமாதானமாக வழக்கை முடித்துக்கொண்டார். 2012-ல் போக்கர் ஸ்டார்ஸ் கம்பெனி புல் டில்டை எடுத்துக்கொண்டது. அமெரிக்க ஆட்டக்காரர்களுக்குப் பணம் திரும்பத் தொடங்கியது 2014 பிப்ரவரியில். கிட்டத்தட்ட மூன்று வருஷம் அவர்கள் கண் பூத்துக் காத்திருந்தார்கள்.

பெர்கூசன் மறுபடி பந்தயங்களுக்கு வந்தார். 2017-ல் லாஸ் வேகாஸ் உலகப் பந்தயத்தின் அந்த ஆண்டுச் சிறந்த வீரர் பட்டத்தையும் பெற்றார். 2018-ல், பணத்துக்காகக் காத்திருந்தவர்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். பலர் அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

கையிருப்பில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் தொடாதே என்று ஊருக்கு ஆடிக் காட்டியவர் அவர். அவர் டைரக்டராக இருந்த கம்பெனியிலோ ஊராரின் கையிருப்பே காணாமற்போனது!

இலவசத்தின் விலை

இந்தியாவில் 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் இன்டர்நெட் ஆட்டங்களை நடத்துவதை அது தடை செய்கிறது. அந்தச் சட்டம் குறிவைப்பது கட்டணம் கட்டும் ஆட்டத்தை.

ஆனால் கட்டணம் கட்டும் ஆட்டத்துக்கு வாசற்படி, கட்டணம் இல்லாத ஆட்டந்தான். படியில் கால் வைக்கும்போது யாருக்கும் நஷ்டம் இல்லை. அடுத்த படியில்தான் கம்பெனி காத்திருக்கிறது.

வீட்டில் ஒரு பையன் கைப்பேசியைப் பார்த்தபடி, "காசு போடவில்லையப்பா, இலவசந்தான்" என்று சொன்னால், அவன் பொய் சொல்லவில்லை. காசு போடவில்லை. போட்டது நேரம்.

அவனிடம் பெர்கூசன் கதையைச் சொல்லலாம். பத்தாயிரம் டாலரை மட்டும் சொன்னால் போதாது. ஏழு மாதத்தையும், ஆறரை டாலரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். திரையில் தெரிந்த பணத்துக்காக மூன்று வருஷம் காத்திருந்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

முழுக் கதையையும் கேட்டால் பையனே கணக்குப் போட்டுக்கொள்வான்.