நாற்பது கிலோமீட்டரைத் தாண்டாத சிறகு

கோயம்புத்தூரில் ரயில் ஏறிப் பாலக்காடு போயிருக்கிறீர்களா? ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தால் ஒரு விசித்திரம் புரியும். மேற்குத் தொடர்ச்சி மலையை வரைபடத்தில் ஒரே கோடாக இழுத்துவிடுகிறோம். அந்தக் கோடு இங்கே அறுந்து கிடக்கிறது. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவில் சுமார் 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்குத் தாழ்ந்த நிலம். ரயில் மலையேறாமலே கேரளத்துக்குள் நுழைந்துவிடும். இதுதான் பாலக்காட்டுக் கணவாய்.

ஒரு காகம் மனசு வைத்தால் காலையில் புறப்பட்டு மத்தியானத்துக்குள் இதைக் கடந்துவிடும். ஆனால் நம் மலைகளில் ஒரு சின்னப் பறவை இருக்கிறது. அதற்கு இரண்டு சிறகும் உண்டு, நன்றாகப் பறக்கவும் தெரியும். இருந்தாலும் பல லட்சம் ஆண்டுகளாக அதன் வம்சம் இந்தக் கணவாயைத் தாண்டிக் கலக்கவில்லை. ஏன்?

முதலில் பறவையைப் பார்த்துவிடுவோம். கிட்டத்தட்டச் சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும். நீளமான கால், குட்டையான வால், முதுகெல்லாம் கருநீலம். நீலகிரிப் பக்கம் இருப்பதற்கு விலாவில் செம்பழுப்பு நிறம் இருக்கும். ஆனைமலை, பழனிமலைப் பக்கம் இருப்பதற்கு மார்பும் நீலம், வயிறு மட்டும் வெள்ளை. 1844-இல் நீலகிரிப் பறவைக்கு அறிவியல் பெயர் வைத்தவர் ஜெர்டன். சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த ஆங்கிலேய மருத்துவர் அவர். வெள்ளை வயிற்றுக்காரனுக்கு 1868-இல் பிளான்ஃபோர்டு பெயர் வைத்தார்.

பெயர் வைத்தார்களே தவிர, இது யாருடைய சொந்தக்காரன் என்பதில் அறிஞர்களுக்கு ரொம்ப நாள் குழப்பம். ஒரு காலத்தில் இமயமலைப் பக்கத்துக் ‘குட்டைச்சிறகன்’களோடு சேர்த்தார்கள். பிறகு அங்கிருந்து எடுத்து வேறு கூட்டத்தில் போட்டார்கள். 2017-இல்தான் வி. வி. ராபின், உமா ராமகிருஷ்ணன், சுஷ்மா ரெட்டி உள்ளிட்ட ஆய்வாளர்கள் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்து, இது எந்தக் கூட்டத்திலும் சேராத தனிப் பேரினம் என்று காட்டினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் சோலிகோலா. நம் சோலைக்காட்டின் பெயர்தான் அதில் இருக்கிறது. உலகத்தில் வேறெங்கும் இல்லாத பேரினம். மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிகளில் மட்டும் வாழ்வது.

சோலைக்காடு என்றால் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வழியில் பார்க்கும் எல்லா மரக்கூட்டமும் அல்ல. உயர்ந்த மலையில், இரண்டு சரிவுகள் சேரும் மடிப்பில், ஓடை ஓரமாக அடர்ந்து நிற்பதுதான் சோலை. மரங்கள் அவ்வளவு உயரமில்லை. கிளையெல்லாம் பாசி, தரையெல்லாம் ஈரச்சருகு, உள்ளே பகலிலும் அரையிருட்டு. சோலையைவிட்டு வெளியே காலெடுத்து வைத்தால் சட்டென்று புல்வெளி தொடங்கிவிடும். குளிர்காலத்து இரவுகளில் அந்தப் புல்வெளியில் உறைபனி விழும். சோலை மரத்தின் கன்றுகள் அதில் கருகிவிடும். அதனால்தான் புல் புல்லாகவும் சோலை சோலையாகவும் காலங்காலமாகப் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

நம் சோலிகோலா அந்த அரையிருட்டின் பிள்ளை. தரையிலும் தரையை ஒட்டிய புதரிலும்தான் அதன் பிழைப்பு. சருகுக்குள் இருக்கும் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும். மரப்பொந்திலோ மண்திட்டின் குழியிலோ பாசியை மெத்தைபோல இட்டுக் கூடு கட்டும். மலை அடிவாரத்து வெயிலும் வெப்பமும் வெட்டவெளியும் அதற்கு ஒத்துவராது. இப்போது கணவாயை அதன் கண்ணால் பாருங்கள். நமக்கு அது நெல்வயலும் தென்னந்தோப்பும். அதற்கோ அது கடல். மலை உச்சிகள் அந்தக் கடலில் நிற்கும் தீவுகள். ஆய்வாளர்களும் இவற்றை ‘வானத்துத் தீவுகள்’ என்றே சொல்கிறார்கள்.

தெற்கே போனால் செங்கோட்டைக்குப் பக்கத்தில் இன்னொரு கணவாய் இருக்கிறது. பாலக்காட்டை விடக் குறுகலானது. அதற்குத் தெற்கே அகத்தியமலை, மகேந்திரகிரி எல்லாம் சேர்ந்த அசம்பு மலைகள். அங்கே இருக்கும் சோலிகோலாவும் மரபணுவில் வேறுபட்டே இருக்கிறது. 2017 ஆய்வில் அதை மூன்றாவது இனம் என்றே அறிவித்தார்கள். எல்லாரும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. வெள்ளை வயிற்று இனத்தின் ஒரு கிளைதான் அது என்பவர்களும் உண்டு. அறிவியலில் இப்படிச் சண்டை நடப்பது நல்ல அறிகுறி.

சரி, இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? புதருக்குள் ஒளிந்திருக்கும் பறவையைப் பிடிக்க, கண்ணுக்கே தெரியாத அளவு மெல்லிய வலையைச் சோலைக்குள் கட்டுவார்கள். சிக்கிய பறவையைப் பதமாக எடுத்து, அளந்து, எடை பார்த்து, இறக்கையின் அடியில் உள்ள ரத்தநாளத்திலிருந்து சொட்டு ரத்தம் எடுப்பார்கள். காலில் வண்ண வளையம் மாட்டி விட்டுவிடுவார்கள். மறுபடி பார்க்கும்போது எந்தப் பறவை என்று வளையத்தின் நிறம் சொல்லிவிடும். இதற்கு அரசு அனுமதியும் நீண்ட பயிற்சியும் வேண்டும். வீட்டுக் கொசுவலையோடு யாரும் கிளம்பிவிட வேண்டாம்!

ரத்தம் ஒரு வழி. இன்னொரு வழி எனக்கு அதைவிடப் பிடித்தமானது. அது பாட்டு.

சோலிகோலாவை எளிதில் பார்க்க முடியாது, ஆனால் கேட்கலாம். மனிதருக்குக் குரல்பெட்டி தொண்டையில் இருக்கிறது. பறவைக்கோ மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் அடியில் இருக்கிறது. அதனால் பாடும் பறவைகள் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் தனித்தனியே இயக்கி, ஒரே நேரத்தில் இரண்டு சுரங்களைக்கூட எழுப்ப முடியும். ஒரே வாயில் இரண்டு பேர் பாடுவது போலக் கேட்கும். இந்த வித்தையில் பாதி பிறவியிலேயே வருவதில்லை. பாடும் பறவைகளின் குஞ்சுகள் பெரிய பறவைகளைக் கேட்டுக் கேட்டுத்தான் பாட்டைக் கற்கின்றன. கோவைப் பையனுக்குக் கோவைத் தமிழும் நெல்லைப் பையனுக்கு நெல்லைத் தமிழும் வருவது போலத்தான்.

சேதனா புருஷோத்தமும் ராபினும் இந்தப் ‘பேச்சுவழக்கை’த் தேடிப் போனார்கள். ஆறு இடங்களில் 38 பறவைகள் பாடிய 835 பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். ஒலியைப் படமாக மாற்றிக் காட்டும் மென்பொருளில் போட்டு, சுருதி எவ்வளவு ஏறி இறங்குகிறது, ஒரு சுரம் எத்தனை நேரம் நீள்கிறது, எந்தச் சுரத்துக்குப் பின் எது வருகிறது என்று அளந்தார்கள். 2016-இல் முடிவு வெளிவந்தது. பாட்டுகள் மூன்று பெரிய கூட்டங்களாகப் பிரிந்தன. அதாவது மரபணு சொன்ன கதையைப் பாட்டும் சொன்னது.

இதோடு நின்றிருந்தால் ‘அட, அழகு’ என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். இன்னொன்றும் தெரிந்தது. கணவாய்கள் மிகப் பழையவை. சில இடங்களில் சோலைகளைப் பிரித்தது அவை அல்ல, மனிதர்கள். தேயிலைத் தோட்டம், ஊர், சாலை என்று நடுவில் இருந்த காடு போய்விட்டது. அப்படிச் சமீபத்தில் பிரிந்த பறவைகளுக்குள் சுருதியில் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் அந்த இரட்டைக்குரல் வித்தை இருக்கிறதே, அதைக் கையாளும் விதம் இடத்துக்கு இடம் மாறியிருந்தது. மரபணுவில் பிரிவின் தடம் பதியப் பல தலைமுறைகள் ஆகும். பாட்டில் அது முன்னாலேயே தெரிந்துவிடலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அந்தச் சோலைக் குஞ்சுகளுக்குப் பக்கத்துச் சோலை ஆசிரியர்களின் குரல் இனி எட்டுவதில்லை.

இங்கே ஒரு வேண்டுகோள். கைப்பேசியில் பறவைக் குரலைப் போட்டு, பறவை ஓடி வருகிறதா என்று பார்ப்பது இப்போது ஒரு பழக்கமாகிவிட்டது. தன் எல்லைக்குள் எவனோ நுழைந்துவிட்டான் என்று நினைத்துத்தான் அது ஓடி வருகிறது. குஞ்சுக்கு இரை தேட வேண்டிய நேரம் இல்லாத எதிரியைத் தேடுவதில் போகும். விட்டுவிடுங்கள்.

நீலகிரிப் பறவை இப்போது உலக அளவில் அழியும் ஆபத்தில் இருக்கும் இனமாகவும், வெள்ளை வயிற்றுப் பறவை அதற்கு அடுத்த நிலையிலும் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. ‘அப்படியானால் மலையெல்லாம் மரம் நட்டால் போச்சு’ என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். ஆங்கிலேயர் காலத்திலிருந்தே விறகுக்காகவும், தோல் பதனிடும் பட்டைக்காகவும் ஆஸ்திரேலியாவின் வாட்டில் என்னும் சீகை மரத்தையும் தைல மரத்தையும் இந்த மலைகளில் நட்டார்கள். நட்ட இடம் பெரும்பாலும் புல்வெளி. சும்மா கிடக்கும் நிலம் என்று நினைத்துவிட்டார்கள். சீகை நட்ட இடத்தில் நிற்காமல் தானாகவே பரவியது. விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து, தீ பட்டால் முளைத்துக்கொள்ளும். பழனிமலையில் 1973-க்கும் 2014-க்கும் இடையில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போனதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின.

அந்தப் புல்வெளிக்கும் ஒரு சொந்தக்காரன் இருக்கிறான்: நீலகிரி நெட்டைக்காலி. புல் நிறத்திலேயே இருக்கும், புல்லுக்குள்ளேயே முட்டையிடும், இதுவும் நம் மலைகளைத் தவிர வேறெங்கும் கிடையாது. சீகை மரம் நிழல் போட்டதும் அதற்கு வீடு போயிற்று.

அப்படியானால் சீகையை எல்லாம் வெட்டித் தள்ளிவிடலாமா? அவசரப்படக் கூடாது. பழைய சீகைத் தோப்பின் நிழலில் உறைபனி விழாது. அதனால் சில தோப்புகளுக்கு அடியில் சோலை மரக்கன்றுகள் மெல்லத் தலை காட்டியிருக்கின்றன. சோலிகோலாவுக்கு அது நாளைய காடாக ஆகலாம். அதை வெட்டினால் வெளிச்சம் விழுந்து, மண்ணில் கிடக்கும் சீகை விதைகளே மறுபடி எழுந்து நிற்கும். ஆகவே இந்த மலைகளை ஆராய்பவர்கள் இடம் பார்த்து வேலை செய்யச் சொல்கிறார்கள். சோலைக்கன்று முளைத்த பழைய தோப்பைத் தொடாதீர்கள். மிச்சமிருக்கும் புல்வெளியின் ஓரத்தில் புதிதாக நுழையும் சீகைக் கன்றுகளை முதலில் பிடுங்குங்கள் என்பது அவர்கள் யோசனை. பெரிய மரத்தை வெட்ட இயந்திரம் வேண்டும். முழங்கால் உயரக் கன்றைப் பிடுங்க இரண்டு கை போதும்.